பயிர்ச்சேத நிவாரணமும் பயனாளிகள் பட்டியலும்: விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

வெள்ளம், புயல், வறட்சி ஆகியவற்றால் பயிர் அழிந்தபின் தமிழ்நாட்டு அரசு வழங்கும் இடுபொருள் (விதை, உரம், உழவுச் செலவு) நிவாரணத்தைப் பற்றியது. தொகை எவ்வளவு என்பதைச் செய்தித்தாள்கள் சொல்லிவிடுகின்றன. எந்தப் புல எண்ணுக்கு, எவ்வளவு பரப்புக்கு, எந்த அளவுச் சேதம் என்று எழுதி, யாருக்குக் கொடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிவதில்லை. தகவல் கேட்டு மனு எழுத உதவி கேட்டு என்னிடம் வரும் விவசாயிகளில் பெரும்பாலோர், பணம் வரவில்லை என்பதைவிட, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதைத்தான் பெரிய மனக்குறையாகச் சொல்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன.

நிவாரணமும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் ஒன்றுதானே?

இரண்டும் வெவ்வேறு. காப்பீட்டுக்கு நீங்கள் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்; 2016 காரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவத்தில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு காரீஃப் உணவுப் பயிருக்கு 2 விழுக்காடு, ராபி (குளிர்காலச் சாகுபடி) உணவுப் பயிருக்கு 1.5 விழுக்காடு. நெல்லுக்கு வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டு, பயிர் அறுவடைச் சோதனைகளில் கிடைத்த சராசரி மகசூலை வைத்து இழப்பீடு கணக்கிடப்படுகிறது. ஆகவே உங்கள் வயல் முழுதும் மூழ்கியிருந்தாலும் ஊரின் சராசரி குறையாவிட்டால் காப்பீட்டுத் தொகை வராமல் போகலாம். நிவாரணத்துக்குப் பிரீமியம் கிடையாது. தனித்தனி விவசாயியின் பரப்பையும் சேதத்தையும் கணக்கெடுத்து அரசு கொடுப்பது அது. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று உரியதன்று என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்லும் விதியை எழுத்தில் கேளுங்கள்.

நிவாரணப் பணம் எங்கிருந்து வருகிறது?

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. பெரும் பேரிடரில் இந்த நிதி போதாதபோது, ஒன்றியக் குழு ஒன்று வந்து பார்வையிட்டபின் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கூடுதல் தொகை ஒதுக்கப்படலாம். இவற்றுக்கு மேல் மாநில அரசு தன் சொந்த வருவாயிலிருந்து சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. மூன்று வழிகளில் வந்த பணமும் ஒரே அறிவிப்பில் ஒரே எண்ணாக வெளிவருவதால், எதில் எவ்வளவு என்பது வெளியில் இருப்பவருக்குப் புரிவதில்லை.

தொகை எவ்வளவு? எங்கள் ஊரில் மாக்கணக்கு. ஹெக்டேர் கணக்கு எங்களுக்குப் புரிவதில்லை.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுத்த விதிமுறையின்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு மானாவாரியில் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன வசதியுள்ள நிலத்தில் 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், தஞ்சைப் பகுதிக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால், பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாயும், மா ஒன்றுக்கு ஏறத்தாழ 2,290 ரூபாயும் வரும். 2 ஹெக்டேர் உச்சவரம்பு என்பது பதினைந்து மாவுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது முக்கியமானது. கணக்கில் வரவான தொகையை ஏக்கர் வீதத்தால் வகுத்தால், உங்கள் நிலத்தில் எவ்வளவு பரப்பைச் சேதமாக எழுதினார்கள் என்பது வெளியே வந்துவிடும். மூன்று ஏக்கர் மூழ்கியவருக்கு 6,880 ரூபாய் வந்திருந்தால், பட்டியலில் ஓர் ஏக்கர்தான் ஏறியிருக்கிறது என்று பொருள். பட்டியலைக் காணாதவரையில் நம் கையில் இருக்கும் ஒரே சான்று இந்த வகுத்தல் கணக்குதான்.

ஒரே நெற்பயிருக்கு ஒவ்வொரு பேரிடரிலும் ஒவ்வொரு தொகை அறிவிக்கப்படுவது ஏன்?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும்.

2015 ஏப்ரலுக்கு முன்பு பாதிக்குப் பாதி, அதாவது 50 விழுக்காடு சேதமிருந்தால்தான் நிவாரணம். அந்த ஆண்டு வடமாநிலங்களில் பருவம் தவறிய மழையில் ராபிப் பயிர்கள் அழிந்தபின், வரம்பு 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொகையும் உயர்த்தப்பட்டுப் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் ஆனது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது, நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்த தொகை இதே 13,500 ரூபாயின் ஏக்கர் கணக்குதான்.

நிவர், புரெவி புயல்களுக்குப் பின், 2021 தொடக்கத்தில் எடப்பாடி பழனிசாமி அரசு அதை ஹெக்டேருக்கு 20,000 ரூபாயாக (இனி வரும் தொகைகளும் ஹெக்டேருக்கே) உயர்த்தியதுடன் பரப்பு உச்சவரம்பையும் தளர்த்தியது. 2021 நவம்பர் மழையில் அறுவடைக்கு நின்ற பயிருக்கு மு.க. ஸ்டாலின் அரசு 20,000 ரூபாய் அறிவித்தது. நடவாகி இளம்பயிராக நின்ற சம்பாவுக்குப் பணமாகக் கொடுக்காமல் ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்புள்ள இடுபொருள்கள் என்றது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு மீண்டும் 20,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில், காவிரியில் தண்ணீர் வராமல் கருகிய குறுவைக்கு 13,500 ரூபாய். டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 17,000 ரூபாய். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கும் அதே தொகை.

2023ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஓராண்டுக்குள் நெல்லுக்கு மூன்று தொகைகள். ஒன்றிய விதிமுறையில் 17,000 ரூபாய் வந்தது 2022 அக்டோபரில் என்றால், ஓராண்டு கழித்துக் குறுவை கருகியவருக்கு 13,500 ரூபாய் என்று எந்த அடிப்படையில் முடிவாயிற்று? அரசிடம் இதற்குச் சரியான விளக்கமே இருக்கலாம். நிதி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் அது அமையலாம். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(இ) பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவற்றுக்குரிய எல்லா விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்கிறது. வெள்ளத்தில் அழுகிய நெல்லுக்கும் வெயிலில் கருகிய நெல்லுக்கும் விலை வேறாக இருப்பதற்கான காரணத்தை, அந்த நெல்லை விதைத்தவர் மனுப்போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முறையன்று.

33 விழுக்காடு சேதம் என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும், தோட்டப் பயிரானால் உதவித் தோட்டக்கலை அலுவலரும், கூட்டாகக் கணக்கெடுக்க வேண்டும். அவர்கள் எழுதியதை வருவாய் ஆய்வாளரும் வட்டாட்சியரும் சரிபார்த்து, கோட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து வருவாய் நிர்வாகத்துக்கு மொத்தத் தேவை போகிறது. அரசாணை வந்தபின் பணம் விவசாயிகளின் வங்கிக் கணக்குகளுக்குப் போகிறது.

இந்த வரிசையில் முடிவு தீர்மானமாகும் இடம் முதற்படியே. மேலே போகப்போக எண்கள் கூட்டப்படுகின்றன, வயல் மறைந்துவிடுகிறது. அந்த முதற்படியோ நேரத்தோடு நடக்கும் ஓட்டம். வெள்ளம் வடிய ஒரு வாரம் ஆகும். வடிந்தபின் சில பயிர் தலைதூக்கும், சில பயிர் பார்வைக்குப் பச்சையாக நின்று பின்னர் பதராகும். விவசாயியோ காத்திருக்க முடியாமல் உழுது மறுநடவுக்குப் போய்விடுவார். அலுவலர் வரும் நாளில் சேறு மட்டுமே இருந்தால், எதைக் கொண்டு விழுக்காட்டைச் சொல்வது? ஒரு கிராம நிர்வாக அலுவலர் சில நூறு ஹெக்டேரைச் சில நாள்களில் நடந்து பார்த்து முடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தவறுகளில் பல கெட்ட எண்ணத்தால் வருவன அல்ல. ஆனால் அவற்றைத் திருத்த வழி இல்லாமையால் அவை அநீதியாகிவிடுகின்றன.

2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலை நினைத்துப் பாருங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்றும், ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. விழுந்த மரத்தை எண்ணுவதற்கு முன்பே அகற்றியவருக்கு எண்ணிக்கை எப்படி வந்தது, நெருக்கி நட்டவரின் கூடுதல் மரங்கள் என்னவாயின என்பவையெல்லாம் தோப்பு வாரியான பட்டியல் ஊரில் ஒட்டப்பட்டிருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்திருக்கக் கூடியவை. யாருடைய தோப்பில் எத்தனை மரம் நின்றது என்பது பக்கத்துத் தோப்புக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

அடங்கலில் என் பயிர் ஏறவில்லை என்கிறார்கள். அது என்ன?

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்தப் பசலியில், எந்தப் பயிர், யார் சாகுபடியில் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பயிராய்வு செய்து எழுதும் கணக்கு அது. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது; 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434ஆம் பசலி. சிட்டாவும் பட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்கின்றன. நிலத்தில் என்ன நின்றது என்று சொல்வது அடங்கல் மட்டுமே. ஆகவே சம்பா நடவு முடிந்ததும் அடங்கல் நகலை வாங்கி வைப்பது, மழைக்காலத்துக்கு முன் வரப்பைக் கட்டுவதைப் போல ஒரு வேலையாக ஆக வேண்டும்.

நான் குத்தகைச் சாகுபடி செய்கிறேன். பணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது.

டெல்டாவில் கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோர் ஏராளம்; அவர்களுள் பலருக்கு வாய்மொழி ஒப்பந்தம்தான். இடுபொருள் நிவாரணம் என்ற பெயரே விதை, உரம், உழவு ஆகியவற்றில் பணம் போட்டவரைச் சுட்டுகிறது. 1969ஆம் ஆண்டு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் பெயர் பதிந்தவர்களுக்கும், அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறியவர்களுக்கும் கோரிக்கை வைக்க ஆவணம் இருக்கிறது. மற்றவர்கள் பணம் போனபின்தான் விஷயத்தை அறிகிறார்கள். பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்பே வரைவுப் பட்டியல் ஊரில் ஒட்டப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இவர்களே முதற்காரணம். பணம் ஒருவர் கணக்கில் ஏறியபின் அதைத் திரும்பப் பெறுவது யாராலும் எளிதில் ஆவதில்லை.

பயனாளிகள் பட்டியலை வெளியிட வேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு. யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. அதில் 4(1)(ஆ) உட்பிரிவின் பன்னிரண்டாம் இனம், மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் விதத்தையும், ஒதுக்கப்பட்ட தொகையையும், பயனாளிகளின் விவரங்களையும் வெளியிடச் சொல்கிறது. இடுபொருள் மானியம் என்று ஒன்றிய விதிமுறையே பெயரிட்டிருக்கும் தொகை இதற்குள் வராது என்று வாதிட இடமில்லை.

அடுத்து 4(1)(ஈ): நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் விடுபட்ட விவசாயி பாதிக்கப்பட்டவர் இல்லையென்றால் வேறு யார்? அவருக்குக் காரணம் சொல்வது அலுவலரின் சட்டக் கடமை.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. அதே பிரிவு, தகவலை உள்ளூர் மொழியில், அந்தந்தப் பகுதியில் மக்களைச் சென்றடையும் வழியில் வெளியிட வேண்டும் என்று சொல்லி, அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று வழிகளையும் குறிப்பிடுகிறது. ஆகவே இணையத்தில் எங்கோ ஒரு மூலையில் ஏற்றியாயிற்று என்பது போதிய பதிலாகாது. ஊராட்சி அலுவலகச் சுவர், நூலகம், நியாய விலைக் கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகிய இடங்களில் தமிழில் ஒட்டப்பட்ட தாளே எங்கள் பகுதியில் மக்களைச் சென்றடையும் வழி.

அப்படியானால் பட்டியலில் எவை இருக்க வேண்டும்?

பயனாளியின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வருவாய்க் கிராமம், புல எண்ணும் உட்பிரிவும், பயிர், சாகுபடிப் பரப்பு, சேதப் பரப்பு, சேத விழுக்காடு, தொகை, கணக்கெடுத்த தேதி, கணக்கெடுத்த அலுவலர்களின் பதவி. இவற்றோடு இன்னொரு பட்டியலும் வேண்டும்; அதை யாரும் ஒட்டுவதில்லை. கணக்கெடுக்கப்பட்டும் தகுதியில்லை என்று நீக்கப்பட்டவர்களின் புல எண்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல்லில் காரணமும். சேதம் 33 விழுக்காட்டுக்குக் கீழ், அடங்கலில் பதிவில்லை, உச்சவரம்புக்கு மேல், வங்கி விவரம் தவறு என்று நான்கைந்து காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். பெற்றவர்களின் பட்டியல் முறைகேட்டைக் காட்டும். பெறாதவர்களின் பட்டியல் பிழையைக் காட்டும். எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

ஒருவர் எவ்வளவு பணம் வாங்கினார் என்பது அவருடைய சொந்த விவரம் அல்லவா? அதை ஊர்ச்சுவரில் ஒட்டலாமா?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களைத் திருட்டுக்குத் துணைபோகிறவர்களாகப் பார்ப்பது தவறு. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், கைப்பேசி எண், கடன் நிலுவை, சாதி ஆகியவற்றை வெளியிடவே கூடாது. இந்த எண்கள் வெளியே போனால், நிவாரணம் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து ஏமாற்றுகிறவர்களுக்கு அந்தப் பட்டியலே ஆயுதமாகிவிடும்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வேளாண் மானியம் பெறும் எல்லோருடைய பெயரையும் தொகையையும் இணையத்தில் வெளியிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கில் 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தனிமனிதர்களைப் பொறுத்தவரை தொகையின் அளவு முதலியவற்றைப் பாராமல் எல்லாவற்றையும் வெளியிடுவது செல்லாது என்றது. பிறகு 2013இல் விதி திருத்தப்பட்டது: 1,250 யூரோவுக்கு உட்பட்ட சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பெயரை வெளியிடுவது என்று முடிவாயிற்று. பெயரை மறைத்தாலும் தொகையை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நிலைமை அங்கிருந்து வேறுபட்டது. இங்கே ஏறத்தாழ எல்லோருமே சிறு தொகை பெறுபவர்கள். தொகையும் ஊரறிந்த வீதத்தை ஊரறிந்த பரப்பால் பெருக்கி வருவதுதான். பெயரை மறைத்தால் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் பெயரை வெளியிடத் தயங்கும் அலுவலர், குறைந்தபட்சம் புல எண், பரப்பு, விழுக்காடு, தொகை ஆகிய நான்கையும் வெளியிட்டாலே ஊர்க்காரர்களுக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

பட்டியலை ஒட்டினால் ஊரில் சண்டை வரும் என்று அலுவலர்கள் சொல்கிறார்களே?

வரும். பட்டியல் இல்லாதபோதும் சண்டை வருகிறது. அப்போது அது வதந்தியின்மேல் நடக்கிறது. இன்னார் ஆளுக்கு இன்னார் எழுதிவிட்டார் என்ற பேச்சை மறுக்க நேர்மையான கிராம நிர்வாக அலுவலரிடமும் காட்ட ஒன்றும் இல்லை. அவரைக் காக்கக் கூடியதும் அந்தத் தாள்தான்.

வேறு எங்காவது இப்படி வெளியிடுகிறார்களா?

கர்நாடகத்தில் பயிர்ச்சேத நிவாரணத்துக்குப் ‘பரிஹாரா’ என்ற இணையதளம் இருக்கிறது. எந்தப் பேரிடருக்கு, எந்த ஊரில், யாருக்குப் பணம் போயிற்று என்று ஊர்வாரியாகப் பார்க்க அதில் வழியுண்டு. ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய ‘ஜன் சூச்னா’ தளம், பல துறைகளின் பயனாளி விவரங்களை ஒரே இடத்தில், தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவையே காரணம் காட்டி வெளியிடுகிறது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கை எழுதப்பட்டது. மண் சுமந்தவரின் கூலியை ஊரே சரிபார்க்கலாம் என்று அன்றே ஏற்றுக்கொண்ட நாட்டில், பயிர் இழந்தவரின் நிவாரணத்தைச் சரிபார்க்கக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வெளிப்படைத்தன்மை இல்லாததால் பெரிய மோசடி நடந்ததுண்டா?

தமிழ்நாட்டில் அண்மைய எடுத்துக்காட்டு, நிவாரணம் அல்லாத ஆனால் அதே வழியில் வங்கிக் கணக்குக்குப் போகும் பிரதமர் கிசான் உதவித்தொகை. 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாத பல லட்சம் பேர் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குகளுக்குப் போனது தெரியவந்தது. குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறை (சி.பி.சி.ஐ.டி.) விசாரித்தது. பணத்தை வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கும் வேலையும் நடந்தது. விவரம் அறியாமல் பெயர் கொடுத்த ஏழைகளே அதில் மிகுதியாகச் சிக்கினார்கள். ஊரில் நிலம் இல்லாதவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். அந்தப் பெயர்ப் பட்டியல் முதல் தவணைக்கு முன் கிராம சபையில் வாசிக்கப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

என் பெயர் விடுபட்டுவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். பல நேரம் வங்கி விவரத்தில் ஓர் எண் பிழையாக இருந்திருக்கும், அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் வட்டாட்சியருக்கு எழுத்தில் மனுக்கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம்.

இவற்றோடு, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் மனு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். மனுவில் ‘எனக்கு ஏன் நிவாரணம் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘விளக்கம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக:

‘இன்ன வருவாய்க் கிராமத்தில், இன்ன பசலியில், இன்ன மாதத்தில் ஏற்பட்ட மழைச் சேதம் தொடர்பாக வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் மேற்கொண்ட கூட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், அதில் என் புல எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட சேத விழுக்காடு, நிவாரணம் அனுமதிக்கப்பட்டவர்கள், நீக்கப்பட்டவர்கள் ஆகிய இரு பட்டியல்களின் நகல், தொகையை நிர்ணயித்த அரசாணையின் நகல், வங்கியில் செலுத்தப்படாமல் திரும்பி வந்த தொகைகளின் பட்டியல்.’

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கங்கள் மிகுதியென்றால், ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய், தத்தம் புல எண்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதே எளிய வழி என்பது என் அனுபவம்.

‘தனிப்பட்ட தகவல், தர இயலாது’ என்று பதில் வந்துவிட்டது. இனி வழி இல்லையா?

உண்டு, ஆனால் முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனத் தமிழில் குறிக்கப்படும் தனிப்பட்ட தகவல் பற்றிய விலக்கு, முன்பு பொதுநலனோடு தொடர்பில்லாதவற்றையும், அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுபவற்றையும் மட்டுமே மறைக்க இடம் தந்தது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வரம்புகளை நீக்கிவிட்டது; 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று இருந்த வாசகமும் அதோடு போயிற்று. இந்தத் திருத்தம் வருத்தத்துக்குரியது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். நிவாரணப் பட்டியலைக் காட்ட மனமில்லாத அலுவலருக்கு அது ஒரு வரிப் பதிலை எழுதிக் கொடுத்திருக்கிறது.

இருப்பினும் மூன்று பிடிகள் மிஞ்சியுள்ளன. பயனாளி விவரங்களைத் தாமாக வெளியிடச் சொல்லும் 4ஆம் பிரிவு திருத்தப்படவில்லை. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் அடித்துவிட்டு மற்றதைத் தர வேண்டும் என்ற 10ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே மேல்முறையீட்டில், வங்கி எண்ணையும் ஆதார் எண்ணையும் மறைத்துவிட்டுத் தருமாறு நீங்களே எழுதிக் கேளுங்கள். உங்கள் சொந்தப் புல எண்ணைப் பற்றிய விவரத்தை உங்களுக்கு மறுக்க இந்த விலக்கைக் காட்டவே முடியாது. முதல் மேல்முறையீடு 30 நாள்களுக்குள், அதே அலுவலகத்தின் மேல்நிலை அலுவலருக்கு. இரண்டாவது 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

பணம் அனுப்பியாயிற்று என்கிறார்கள். என் கணக்கில் இல்லை.

ஆதார் வழியாக அனுப்பப்பட்ட தொகை, நீங்கள் கடைசியாக ஆதாரை இணைத்த வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். அது நீங்கள் மறந்துவிட்ட பழைய கணக்காக இருக்கலாம். அங்கும் இல்லையென்றால், பரிவர்த்தனை எண்ணையும் தேதியையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்று வங்கியில் காட்டுங்கள்.

கிராம சபையில் இதை எழுப்பலாமா?

எழுப்பலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைச் சேதத்துக்கான கணக்கெடுப்பு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிவதால், ஜனவரி 26 கூட்டமே இதற்கு ஏற்றது. கணக்கெடுப்புப் பட்டியலை வாசிக்கவும், ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவும் கோரும் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோய், அது தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு பதிவாவதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பட்டுவாடாவுக்கு முன் அந்தத் தீர்மான நகல் வட்டாட்சியர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அதைப் பார்க்கவில்லை என்று பின்னர் சொல்ல முடியாது.

மழைக்கு முன்பே நான் எடுத்து வைக்க வேண்டியவை எவை?

நடப்புப் பசலி அடங்கல் நகல், சிட்டா நகல், குத்தகையானால் ரசீது, விதையும் உரமும் வாங்கிய பில்கள். நடவு முடிந்த வாரத்திலும், தண்ணீர் நிற்கும்போதும், வடிந்தபின்னும் என மூன்று முறை, தேதியும் இடக்குறியும் பதியும்படி வயலின் ஒளிப்படங்கள். படத்தில் மின்கம்பம், மதகு, பக்கத்து வரப்பு போன்ற ஓர் அடையாளம் தெரிய வேண்டும். கணக்கெடுக்க அலுவலர் வந்த நாளையும், அவர் வாய்மொழியாகச் சொன்ன விழுக்காட்டையும் ஒரு நோட்டில் எழுதி, உடனிருந்த பக்கத்து வயல்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.